மூன்று பிறந்தநாள் கொண்ட கோப்பு

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய புதுச் சட்டம் வந்த சமயத்தில், உங்கள் மாவட்டத்தில் கருவூட்டல் மையங்கள் எத்தனை, அவற்றின் நிலை என்ன என்று கேட்டு மேலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுகாதாரத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய அலுவலகக் கண்காணிப்பாளனாகிய நான், அதை ஒரு தரம் படித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்து, ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது’ என்று எழுதிக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு அனுப்பிவிட்டேன்.

அவர்கள் கெட்டிக்காரர்கள், பத்தே நாளில் பதில் போட்டார்கள். மையங்களின் பட்டியல் இருந்தது. ஜெர்சி இன உறைவிந்துக் குச்சிகள் போதிய இருப்பில் உள்ளன என்றும், வேறு இனம் தேவைப்பட்டால் தெரிவிக்கலாம் என்றும் கீழே ஒரு வரி இருந்தது. அதையும் படிக்காமல் அப்படியே மேலே அனுப்பினேன். மேலிருந்து வந்த போனில் என்னிடம் பேசியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டேதான் பேசினார். மனிதர்களுக்கான சட்டத்தில் நான் அடியெடுத்து வைத்தது இப்படித்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் சுமதி. என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர். போன வாரம் போன் செய்து, “சார், ஒரு அம்மாவுக்கு ரெண்டு பிறந்த தேதி வருது. மேலிடத்துல தெளிவுரை கேட்டுடலாமா?” என்றார். வேண்டாம்மா, தெளிவுரை மட்டும் கேட்காதே என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை.

ஆபீஸ் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லமாட்டேன். பெரம்பலூரிலும் வேலை பார்த்திருக்கிறேன், அரியலூரிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் சுவரில் அதே மஞ்சள் பெயிண்ட், அதே இடத்தில் அதே பல்லி. இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். கோப்பில் நூல் கோக்க ஒரு வருஷம், தபாலில் நம்பர் போட ஒரு வருஷம், ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் எழுத மூன்று வருஷம் பிடித்தது. நான் வேலையில் இருக்கும்போதே அரியலூர் மாவட்டம் பிறந்தது, பெரம்பலூருக்குள் திரும்பக் கரைந்தது, பிறகு மறுபடி பிறந்தது. ஆவணம் எதுவும் கேட்காமல் நாங்கள் ஏற்றுக்கொண்ட ஒரே மறுபிறப்பு அதுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழப்பம். வாடகைத்தாய் என்று ஊர் சொல்கிறது. ஆனால் வாடகை கொடுக்கக் கூடாது. மருத்துவச் செலவும் இன்ஷூரன்ஸும் தவிர ஒரு பைசா கைமாறக் கூடாது. சுமப்பவள் கல்யாணமாகி ஒரு பிள்ளையாவது பெற்றவளாக, இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்கிற தம்பதியில் மனைவிக்கு ஐம்பதும் கணவனுக்கு ஐம்பத்தைந்தும் எல்லை. அவர்களுக்கு உயிரோடு வேறு பிள்ளை இருக்கக் கூடாது. மூன்று டாக்டர்கள் கொண்ட மாவட்ட வாரியம், இவர்களுக்கு இது மருத்துவ ரீதியாகத் தேவைதான் என்று சான்று கொடுக்க வேண்டும். அது எங்கள் வேலை. அந்தச் சான்றோடு கோர்ட் உத்தரவையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்துச் சென்னைக்குக் கொண்டுபோனால் கடைசிச் சான்று. அது கையெழுத்தாகும் நாளில் அந்த அம்மாளுக்கு ஐம்பது நிறைந்திருக்கக் கூடாது என்றுதான் எங்கள் ஆபீஸில் படித்துவைத்திருந்தோம்.

வாரியத்தின் தலைவர் எங்கள் இணை இயக்குநர், ஜே.டி. அடிப்படையில் அறுவை சிகிச்சை டாக்டர். எந்தக் காகிதத்தையும் மேஜையில் வைத்துப் படிக்கமாட்டார். எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். அவர் படித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு எங்கோ எலும்பு முறிந்திருப்பது போலவே இருக்கும். பிறகு பச்சை மையில் ஒரே வார்த்தை எழுதுவார்: ‘பேசவும்.’ பேசலாம் என்று போனால் ஆள் இருக்கமாட்டார். இருந்தால் எப்போதும் அதே மூன்று கேள்வி: “ஆள் யாரு? என்ன வேணும்? நாம குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா?”

தேதி விஷயத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்கு இவர்தான் காரணம். உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். வாரிசு வேண்டும், வயது ஐம்பத்துநான்கு, சான்றிதழில் மை கூடச் சரியாகக் காயவில்லை. கல்யாணத்துக்கு ஆதாரமாக மாலையும் கழுத்துமாக மனைவியோடு நிற்கிற போட்டோ வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வைத்தேன். ஜே.டி. போட்டோவை ஜன்னலுக்கு நேரே தூக்கினார், வெகுநேரம் பார்த்தார்.

“பின்னாடி பேனர்ல என்னய்யா போட்டிருக்கு?”

அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து என்று போட்டிருந்தது. ஐம்பத்துநான்கு வயதுக்காரர் தன் அறுபதாம் கல்யாணப் போட்டோவையே ஆதாரமாக இணைத்திருக்கிறார்; ஆபீஸிலேயே அதிகம் படித்தவன் என்று பெயரெடுத்த நான் அதற்குக் கீழே சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து என் கண்ணில் படுகிற ஒவ்வொரு பிறந்த தேதியும் திருட்டுச் சொத்தாகவே தெரிய ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் ஒரு ஜனவரிக் கடைசியில் கலைச்செல்வி வந்தார்.

தா.பழூர் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் தங்கராசு, ஐம்பத்துமூன்று வயது, அதிகம் பேசாதவர். ஒரே மகன், பெயர் கதிர். பத்தொன்பது வயதில், கீழப்பழுவூர்த் திருப்பத்தில், பைக்கில் போனவன் மேல் லாரி ஏறிவிட்டது. கலைச்செல்விக்கு முப்பத்தாறு வயதிலேயே வயிற்றுவலிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. ஆகவே கருமுட்டை பெயர் தெரியாத ஒரு பெண் தானமாகத் தர வேண்டும், சுமக்க இன்னொரு பெண் வேண்டும். சட்டம் இரண்டுக்கும் வழி விட்டிருந்தது. சுமக்க முன்வந்தவள் வளர்மதி, தங்கராசுவின் தம்பி பெண்டாட்டி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. அதாவது கலைச்செல்விக்கு ஓரகத்தி.

ஓரகத்தி என்றால் நம் ஊரில் என்ன உறவு என்று நான் விளக்க வேண்டியதில்லை. இவர்களும் முறைப்படி ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள்தான். இவள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் அவள் வாசலில் நின்றது காரணம். மகன் போன பிறகுதான் பேச்சு வந்திருக்கிறது.

படிவத்தை நானே நிரப்பினேன். ‘உயிருடன் உள்ள குழந்தைகள்’ என்ற இடத்துக்கு வந்ததும் ‘இல்லை’ என்று எழுதினேன். கலைச்செல்வி எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு இருந்துச்சுன்னு எழுத எடம் இருக்கா சார்?”

இல்லை. இறப்புச் சான்றிதழின் நகல், கெஜட் பதிவு பெற்ற அலுவலர் மேலொப்பத்துடன் இணைக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதைச் சொன்னேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மனிதனாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம். நான் நகல் தெளிவாக இல்லை என்று சொன்னேன்.

அடுத்துப் பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஐந்து. அதன்படி வருகிற ஜூனில் ஐம்பது நிறைகிறது. ஆதாரில் ஜனவரி ஒன்று. அதன்படி அடுத்த வருஷம்தான் ஐம்பது. இதில் எது சரி என்று கேட்டேன்.

“ரெண்டும் இல்ல சார். நான் பொறந்தது ஆடிப்பெருக்கு அன்னைக்கி. கொள்ளிடத்துல தண்ணி பொரண்டு வந்துச்சாம், மருத்துவச்சி வர முடியலயாம். இப்ப நாப்பத்தெட்டு நடக்குது.”

“அப்ப ஸ்கூல்ல ஏன் இப்படி?”

“வாத்தியாரு தலைக்கு மேல கைய வச்சி அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாரு. தொட்டுட்டேன். எனக்குக் கை நீளம். அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு எழுதிக்கிட்டாரு.”

இதைச் சொல்லும்போது வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டினார். நன்றாகவே எட்டியது.

இங்கேதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த குறிப்பை எழுதினேன். இரண்டரைப் பக்கம். ஒரு மனிதப் பிறவிக்கு மூன்று பிறந்தநாள்கள் இருக்கும்போது சட்டம் எதை ஏற்கும். காதைத் தொடும் கை ஒரு வயதுச் சான்றா. ஆடிப்பெருக்கை ஆங்கிலத் தேதியாக மாற்றும் அதிகாரம் யாருடையது. மூன்றாவது பத்தியில் காலம் என்பதைப் பற்றியே ஒரு வரி எழுதியிருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘மேலிடத்தின் தெளிவுரை கோரலாம்’ என்று முடித்தேன். ஜே.டி. இந்த ஒரு கோப்பில் மட்டும் ‘பேசவும்’ எழுதாமல் கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கடிதம் சென்னைக்குப் போயிற்று.

போனது போனதுதான். பிப்ரவரியில் நினைவூட்டு ஒன்று. மார்ச்சில் நினைவூட்டு இரண்டு. தங்கராசு திங்கட்கிழமைதோறும் வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பார். “தெளிவுரை வரணும்ங்க” என்பேன். “சரிங்க சார்” என்று போவார். ஒருமுறை மட்டும், “யாருங்க சார் அவரு?” என்று கேட்டார். தெளிவுரை என்பது மாற்றலாகி வர வேண்டிய ஓர் அதிகாரி என்று நினைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததில் பெரிய தப்பில்லை.

இதற்கிடையில் கோர்ட் உத்தரவு வாங்கிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டார்கள். எங்கள் சான்று ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரல் கடைசியில் நான் என் சொந்த ஓய்வூதியப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பிறந்த தேதி: மே இருபது. எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். நான் பிறந்தது கார்த்திகையில். தீபத்துக்கு மறுநாள். அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு வாத்தியார் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார், நானும் தொட்டிருக்கிறேன். அரசாங்கக் கணக்கில் அறுபது, அம்மா கணக்கில் ஐம்பத்தெட்டரை. வீட்டில் அனாவசியமாக ஒன்றரை வருஷம் முன்னதாகவே போய் உட்காரப்போகிற ஆள் நான். அந்தக் கையைப் பற்றித்தான் இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆபீஸ் முழுக்க அப்படித்தான். அந்த வருஷம் மே முப்பத்தொன்றில் ஓய்வு பெறுகிறவர்கள் ஐந்து பேர், ஜே.டி. உட்பட. நம் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்ததற்குத் தாய்மார்கள் காரணம் இல்லை. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்ததுதான் காரணம். ஜே.டி. போய்விட்டால் வாரியத்துக்குத் தலைவர் இல்லை. புதுத் தலைவர் வருவதற்குள் ஜூன் ஐந்து தாண்டிவிடும். கலைச்செல்விக்கு ஐம்பது வந்துவிடும்.

ஓட்டமாக ஜே.டி. அறைக்குப் போனேன். கதையைச் சொன்னேன். கோப்பை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். முதல்முறையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“இந்தம்மாவுக்கு ஸ்கூல் சர்டிபிகேட்படி இன்னைக்கி அம்பது ஆயிடுச்சா?”

“இல்ல சார்.”

“ஆதார்ல?”

“இல்ல சார்.”

“ஆடிப்பெருக்குல?”

“இல்ல சார்.”

“மூணுலயும் ஆகல. அப்புறம் என்ன எழவுக்குய்யா எது சரின்னு கேட்டே?”

மூன்றிலும் ஆகவில்லை. வந்த அன்றைக்கே மூன்றிலும் ஆகவில்லை. எந்தத் தேதி சரி என்று யாருக்குமே தெரிய வேண்டியிராத இடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டு, மூன்று மாதம் காத்திருந்து, அதை முக்கியமான கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

“நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே சார்” என்றேன் ஈனஸ்வரத்தில்.

“ஒன் தமிழ் நல்லா இருந்துச்சு. முழுசாப் படிச்சா தூக்கம் வரும்போல இருந்துச்சு, போட்டுட்டேன்.” கோப்பை என் கையில் திணித்தார். “கேள்விய நாமதானே கேட்டோம், நாமளே வாபஸ் வாங்கு.”

முப்பத்தேழு வருஷ சர்வீஸில் கேள்வியைத் திரும்பப் பெறுகிற கடிதத்தை நான் எழுதியதே இல்லை. மாதிரிக்குக்கூட ஒன்று இல்லை. ‘பார்வையில் காணும் எம் கடிதத்தில் எழுப்பப்பட்ட ஐயம் எமக்கே தீர்ந்துவிட்டபடியால்’ என்று ஆரம்பித்தேன். ஒன்றரை வரியில் முடித்துக்கொண்டேன். அதுவரை எழுதியதிலேயே சின்னக் குறிப்பு அதுதான்.

அடுத்த கஷ்டம், மூன்று டாக்டர்களை ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைப்பது. மகப்பேறு டாக்டர் அம்மா வந்தால் குழந்தைகள் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார். அவர் வந்தால் இவருக்கு அவசர ஆபரேஷன். மூன்று பேரும் ஒன்றாகச் சிக்கியது மே முப்பத்தொன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கள் ஐந்து பேரின் பிரிவுபசார விழாவில். பாராட்டுரைகளுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வாரியம் கூடியது. ஜே.டி.யின் தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை, எதிரே கேசரி. நான் என் மாலையைக் கழற்றிக் கோப்பின்மேல் வைத்திருந்தேன். கோப்பும் ஓய்வு பெறுவது போல் இருந்தது.

ஜே.டி. வளர்மதியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னார், அவள் புருஷன் உட்பட. குறிப்பெடுக்க நான் இருந்தேன். இது விதியில் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன்.

“யாரும்மா சொல்லி வந்தே? மாமியாரா, வூட்டுக்காரரா?”

“நானாத்தான் சார்.”

“காசு ஏதாச்சும் தர்றேன்னாங்களா? உண்மையச் சொல்லு. ஒன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

வளர்மதி சிரித்தாள். “காசு வாங்குனா அதோட முடிஞ்சி போச்சே சார். நாளைக்கி ஒரு பேச்சு வந்தா, அதான் காசு குடுத்தோம்லன்னு அந்தக்கா வாய அடைச்சிரும். சும்மா பெத்துக் குடுத்தா காலம் பூரா நாந்தான் பேசுவேன்.”

கைம்மாறு கருதாத தாய்மை என்று சட்டம் எதைச் சொல்கிறதோ அதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் நான் கேட்டதில்லை. மகப்பேறு டாக்டர் அம்மா சிரிப்பை மறைக்கக் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஜே.டி. சிரிக்கவில்லை.

“வயித்துல பத்து மாசம் வச்சிருந்துட்டு எடுத்துக் குடுக்கணும். பக்கத்து வூட்டுலயேதான் வளரும். குடுக்க மனசு வரலன்னா?”

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஆறு வருசம் அந்தக்கா எங்கூடப் பேசல சார். அந்தப் பய கதிரு மட்டும் பின்பக்கமா வந்து எங்கிட்டதான் சோறு திம்பான். அவங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம். அவன் போனப்புறம் அந்தக்கா வந்து சொல்லுது, தெனமும் தெரியுமாம், அதுக்குத்தான் அந்நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் வராதாம். இதுவும் அப்படித்தான் சார். அது வூட்டுப் புள்ள எங்கிட்டச் சோறு திங்கும். அவ்வளவுதான்.”

நான் குறிப்பில் ‘சுயவிருப்பம் உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜே.டி. பச்சை மையில் போட்ட கடைசிக் கையெழுத்து அது. அதில் ஒரு சொட்டு நெய் விழுந்திருந்தது. தங்கராசு மறுநாள் காலையில் ஜெயங்கொண்டத்தில் சென்னை பஸ் ஏறினார். தபாலை நம்பவேண்டாம், கையிலேயே கொண்டுபோங்கள் என்று நான்தான் சொன்னேன். என் மொத்த சர்வீஸில் நான் கொடுத்த ஒரே உருப்படியான யோசனை. ஜூன் நான்காம் தேதி மாலை கடைசிச் சான்று கையெழுத்தானது. மறுநாள், வாத்தியார் கணக்கில், கலைச்செல்விக்கு ஐம்பது நிறைந்தது.

பெற்றவர்களுக்கு எழுபது நெருங்கும்போது பிள்ளை காலேஜில் இருக்கும், இது நியாயமா என்று என்னை இப்போதும் சில பேர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஐம்பது என்று கோடு போட்டவர்களும் அதைத்தான் யோசித்திருப்பார்கள். கோடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அறுபதாம் கல்யாணப் போட்டோவை மறந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு குழந்தையின் கை நீளத்தில் நின்றுகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்டில் சுமதி போன் செய்தார். நாங்கள் வாபஸ் வாங்கிய கேள்விக்குச் சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். படித்துக் காட்டினார். முழுக் கடிதமும் ஒரே வரி: ‘இவ்வினா எழவில்லை.’

அதற்கடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழில் தேதி மட்டுமல்ல, காலை ஒன்பது பதினான்கு என்று மணியும் இருக்கிறது. ஒரே ஒரு பிறந்தநாளோடு அந்த வீட்டில் வாழப்போகிற முதல் பெண்மணி.

காதுகுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே, நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘என் கடமையைத்தான் செய்தேன்’ என்பது கொஞ்சம் பழையதாகத் தெரிந்தது. ‘எல்லாம் ஜே.டி. சார்’ என்று பெருந்தன்மையாக ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். பந்தலில் குழந்தை வளர்மதியின் இடுப்பில் இருந்தது, பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி பக்கத்தில் நின்று, நெய் போதாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், வெற்றிலை மென்றுகொண்டிருந்த தன் பெரியம்மாவின் முன்னால் நிறுத்தினார்.

“யாரு இவுரு?” என்றது கிழவி.

“ஆபீஸ்ல நம்ம பேப்பர நாலு மாசம் வச்சிருந்தாரே, அந்த சாரு.”

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தது. என் ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கலைச்செல்விக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். என் பக்கம் பேச வந்தார்.

“நல்ல மனுசன் பெரியம்மா. வச்சிருந்தாரே ஒழிய, தொலைச்சிப்புடல.”